ஓநாய் தின்னாத மான்கள்

எண்ணிக்கைப் பிரிவின் எழுத்தர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதால், அந்த ஆண்டு மட்டும் வேறு வழியில்லாமல் மான்களை உண்மையாகவே எண்ண வேண்டியதாயிற்று.

அதற்கு முந்தைய பதினான்கு ஆண்டுகளும் அவர்தான் எண்ணினார். நாற்காலியை விட்டு எழாமல் எண்ணினார். போன ஆண்டின் தொகையை எடுத்து எட்டு சதவீதம் கூட்டுவார். மழை பொய்த்த ஆண்டென்றால் ஆறு. மனசாட்சி உள்ள மனிதர். அப்படி வளர்ந்து வளர்ந்து சரணாலயத்தின் மான்கள் ஆயிரத்து அறுபத்து நான்கு ஆகியிருந்தன. இப்போது அவர் படுக்கையில் கிடக்க, கல்லூரி மாணவர்கள் முப்பது பேர் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகக் காட்டுக்குள் போய், நான்கு நாள் முள்ளில் கிழிபட்டு அலைந்து, இருநூற்றுப் பதினொன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு நடைமுறை தெரியாது.

ஆக, எண்ணூற்று ஐம்பத்து மூன்று மான்களைக் காணோம்.

இயக்குநர் அவசரக் கூட்டம் கூட்டினார். அந்த மான்கள் எப்போதாவது இருந்தனவா என்று அந்த அறையில் ஒருவர் கேட்டிருக்கலாம். கேட்டால் பதினான்கு ஆண்டு அறிக்கைகளிலும் கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்று அடுத்த கேள்வி வரும். அவர்கள் எல்லாரும் அந்த மேசையைச் சுற்றித்தான் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள்.

"மான் தானா ஆவியாகிப் போகாது. யாரோ சாப்பிட்டிருக்காங்க. காட்டுல மானைச் சாப்பிடறது யாரு?" என்றார் இயக்குநர்.

"ஓநாய் சார்" என்றார் தலைமை எழுத்தர்.

சரணாலயத்தில் பதினான்கு ஓநாய்கள் இருந்தன. இயக்குநர் கைபேசியில் வகுத்துப் பார்த்தார். ஒரு ஓநாய்க்கு ஆண்டுக்கு அறுபத்தொரு மான். "வாரத்துக்கு ஒண்ணு, சில வாரம் ரெண்டு. கச்சிதமா வருது பாருங்க!" என்று எல்லாருக்கும் திரையைக் காட்டினார். கணக்கு இவ்வளவு அழகாக வகுபட்டால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. ஓநாய்களைச் சுடுவதற்கு அறிவியல் ஆதாரம் ஒன்று கோப்பில் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அதற்காக ஆய்வகத்துச் சல்லடையக்காவிடம் ஆள் போனது.

துறையின் ஆய்வகம் அலுவலகக் கட்டடத்தின் பின்புறம், ஜெனரேட்டர் அறையை ஒட்டி இருந்தது. நாற்றம் முன்பக்கம் வரக்கூடாது என்பதற்காக அங்கே தள்ளியிருந்தார்கள். அதில் பதினெட்டு ஆண்டுகளாக ஓநாய் எச்சத்தைக் கழுவிக்கொண்டிருந்தவள் சல்லடையக்கா. பதவிப் பெயர் வேறு ஏதோ உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. வனக் காவலர்கள் பாதையோரங்களில் பொறுக்கிக் காகிதப் பையில் போட்டு அனுப்புவதை அவள் அடுப்பில் உலர்த்தி, ஊறவைத்து, நுண்ணிய சல்லடையில் கொட்டிக் குழாயடியில் பொறுமையாகக் கழுவுவாள். கழுவக் கழுவ மயிரும் பல்லும் எலும்புத் துணுக்கும் மேலே தங்கும். மயிரைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி உருப்பெருக்கியில் பார்ப்பாள். மான் மயிர் உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும், வளைத்தால் ஒடிந்துவிடும். முயல் மயிர் ஏணி மாதிரி. எலியின் பல்லுக்கு உருப்பெருக்கியே வேண்டாம், விரல் நுனிக்குத் தெரியும். யார் எதைத் தின்றார்கள் என்பதில் அவளை ஏமாற்ற முடியாது. ஆனால் இத்தனை ஆண்டில் அவள் ஒரு ஓநாயைக்கூட நேரில் பார்த்ததில்லை.

முந்நூற்று நாற்பது மாதிரிகளையும் ஆறு வாரத்தில் கழுவி முடித்தாள். இருபத்தேழில் மான் மயிர். மீதியெல்லாம் எலி, முயல், பன்றிக் குட்டி, பழக்கொட்டை, சுற்றுலாப் பயணிகள் வீசிய கோழி எலும்பு.

இயக்குநர் அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இந்த ஓநாய்ங்க சரியா சாப்பிடலையே?"

"அது கெடைச்சதைச் சாப்பிடுது சார். மான் வேகமா ஓடும். எலி கையெட்டுற தூரத்துல இருக்கு."

"இங்க பாரும்மா. நான் ஓநாய்க்கு எதிரி இல்ல. என் வீட்டு ஹால்ல பெருசா ஓநாய் படம் மாட்டியிருக்கேன். ஆனா ஒரு காட்டுல எது எதைச் சாப்பிடணும்னு முடிவு பண்றது யாரு? ஓநாயா, துறையா?"

"ஓநாய்தான் சார்" என்றாள். அது தவறான பதில்.

அடுத்த வாரமே மூவர் குழு ஒன்று ஆய்வகத்துக்கு வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, வாசலிலிருந்தபடியே குறையைக் கண்டுபிடித்தது. குறை ஓநாயிடம் இல்லை, சல்லடையில். சல்லடையின் கண் மிகச் சிறியதாக இருப்பதால் அற்பமான பொருள்களெல்லாம் தேவையில்லாமல் சிக்கிக்கொள்கின்றன. இதனால் முக்கியமான தகவல்கள் மறைக்கப்படுகின்றன என்று குழு எழுதியது. பத்து நாளில் புதிய சல்லடை வந்தது. அதன் கண்ணில் கட்டைவிரல் தாராளமாக நுழைந்தது.

"இதுல என்ன சார் நிக்கும்? விட்டா நானே உள்ள விழுந்துடுவேன்" என்றாள் தலைமை எழுத்தரிடம்.

"கழுவுக்கா. கழுவச் சொல்லியிருக்காங்க, கழுவிடு. நமக்கெதுக்கு?" என்றார் அவர். இருபத்தாறு ஆண்டு அனுபவத்தில் அவர் கற்ற மொத்த வித்தையும் அந்தக் கடைசி வார்த்தையில் அடங்கியிருந்தது.

எடுத்து வைத்திருந்த மிச்சங்களை மறுபடி கொட்டிக் கழுவினாள். எலியும் முயலும் பன்றியும் மயிரும் பல்லும் சாக்கடையோடு போயின. முந்நூற்று நாற்பதில் இரண்டே மாதிரிகள் சல்லடையில் தங்கின. இரண்டிலும் உடைந்த மான் குளம்பு. எஞ்சிய மாதிரிகளில் நூறு சதவீதம் மான் என்று அறிக்கை அச்சானது. அட்டையில் வண்ணப் படம். முன்னுரையில் இயக்குநர், அறிவியலின் முன்னால் தாம் தலைவணங்குவதாக எழுதியிருந்தார்.

பதினொரு நாளில் பதினான்கு ஓநாய்களையும் சுட்டார்கள்.

கடைசியாகச் சுட்டதை ஜீப்பில் போட்டு ஆய்வகத்துக்கே கொண்டுவந்தார்கள். வயிற்றைக் கிழித்து மானை எடுத்துக் காட்ட வேண்டும், புகைப்படக்காரர் காத்திருக்கிறார் என்றார்கள். அது பெண் ஓநாய். சல்லடையக்கா நினைத்திருந்ததைவிட மிகவும் சின்னதாக இருந்தது. தெரு நாயைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். முன்னங்காலின் வெள்ளை மயிரில் முள்விதைகள் ஒட்டியிருந்தன. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். புகைப்படக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வயிற்றில் பத்தொன்பது எலிகள் இருந்தன. அவற்றை வெள்ளைத் தட்டில் வரிசையாக அடுக்கினாள்.

இயக்குநர் குனிந்து பார்த்தார். பிறகு அவர் நிமிர்ந்து, "அந்த எலிங்க எதைச் சாப்பிட்டிருக்குன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"எலி மானைச் சாப்பிடாது சார்."

"நீங்க பாத்தீங்களா, பாக்கலையா?"

"பாக்கல."

"பாக்கலைன்னா தெரியாதுன்னு அர்த்தம். தெரியாததை இல்லைன்னு சொல்லக் கூடாது. அது அறிவியல் இல்ல." அவர் துணை இயக்குநரின் பக்கம் திரும்பினார். "மறைமுக மான் உணவுன்னு போட்டுக்கங்க."

சல்லடையக்கா பதிவேட்டில் 'எலி 19' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அடித்துவிட்டு வேறு எழுதச் சொன்னபோது, பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றாள். வேறு பேனா கொடுத்தார்கள். தனக்கு அந்தப் பேனா எழுத வராது என்றாள். மறுநாள் காலை அவளை எண்ணிக்கைப் பிரிவுக்கு மாற்றி உத்தரவு வந்தது. இடுப்பொடிந்த எழுத்தர் இனித் திரும்பி வரப்போவதில்லை. அந்த நாற்காலி காலியாக இருந்தது. ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். தின்ன ஓநாயில்லாத இடத்தில் கழுவ என்ன இருக்கிறது?

ஓநாய் போனபின் காட்டில் நடந்ததை வனக் காவலர் ஒருவர் அவ்வப்போது வந்து சொல்லிக்கொண்டிருந்தார். பொறுக்கிய பைகளைப் பல ஆண்டுகளாக அவளிடம் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். "முயல் பெருகிப் போச்சுக்கா. காலை வச்சா முயல். புல்லை வேரோட மேயுது. மானுக்கு விலா எலும்பு தெரியுது. எலி இப்ப நம்ம செக்போஸ்ட் வரைக்கும் வந்துடுச்சு, என் ஷூ நாடாவைத் தின்னுடுச்சு" என்றார். அவள் இதை ஒரு குறிப்பாக எழுதி மேலே அனுப்பினாள். 'ஷூ நாடா வழங்குவது தளவாடப் பிரிவின் பொறுப்பு' என்று பதில் வந்தது.

அடுத்த எண்ணிக்கை வந்ததும் சல்லடையக்கா தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அலுவலகமே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. காவலரோடு ஐந்து நாள் நடந்தாள். நீர்க்குட்டையருகே மறைந்து உட்கார்ந்து, குளம்படி பார்த்து, இரண்டு தடவை எண்ணிச் சரிபார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. படிவத்தில் எழுதி, 'எண்ணியவர்' என்ற இடத்தில் கையெழுத்திட்டு அனுப்பினாள்.

இயக்குநர் அதைப் பார்த்து உண்மையிலேயே வருத்தப்பட்டார். அவர் கெட்டவர் அல்ல. ஓநாய் எதுவும் தின்னாத ஓர் ஆண்டில் மான் குறைந்தது என்று எழுதுவது அந்தப் பெண்ணின் எதிர்காலத்துக்கு நல்லதல்ல என்று நினைத்தார். எனவே தாமே உட்கார்ந்து சரியாகக் கணக்கிட்டார். போன ஆண்டு இருந்தவை இருநூற்றுப் பதினொன்று. ஓநாய்கள் உயிரோடிருந்தால் தின்றிருக்கக்கூடிய, இப்போது தின்னாமல் விட்ட மான்கள் எண்ணூற்று ஐம்பத்து மூன்று. புதிய குட்டிகள் சுமாராக எழுபத்தாறு. ஆக ஆயிரத்து நூற்று நாற்பது. அவளுடைய தொகையின் மேல் வெள்ளை மையைத் தடவி ஊதி உலர்த்தி, அதன் மேல் இதை எழுதினார். கீழே அவளுடைய கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

திட்டம் மாபெரும் வெற்றி என்று விழா எடுத்தார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியில் பேசினார்: "சிலர் கேட்டாங்க, மான் எங்கே, கண்ணுல படலையேன்னு. நான் சொன்னேன், கண்ணால பாக்குறது பாமரன் வேலை. துறை கோப்புல பாக்குது!" கைதட்டல் நிற்க நேரமாயிற்று.

விழா முடிந்த மூன்றாம் வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. அந்தக் காடு எழுநூறு மான்களைத்தான் தாங்கும் என்பது துறையின் விதி. உபரியான நானூற்று நாற்பது மான்களைச் சுட, வேட்டைச் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு அனுமதிச் சீட்டுகள் வழங்கப்படும். பருவம் அடுத்த மாதம் முதல் தேதி தொடங்கும்.

சல்லடையக்கா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு தலைமை எழுத்தரின் மேசைக்குப் போனாள்.

"சார், இருக்கறதே நூத்துத் தொண்ணூத்தெட்டு. நானூத்து நாப்பதை எங்கேர்ந்து சுடுவாங்க?"

"முதல்ல நூத்துத் தொண்ணூத்தெட்டைச் சுடுவாங்க. அப்புறம் புகார் குடுப்பாங்க."

"எண்ணிக்கை தப்புன்னு நான் எழுதிக் குடுக்கறேன்."

அவர் கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "துறையோட எண்ணிக்கை தப்பாகாதுக்கா. விதியிலயே இல்ல. குறைஞ்சு போச்சுன்னு வேணா எழுதலாம், அதுக்குப் படிவம் இருக்கு. ஆனா குறைஞ்சா யாரோ குறைச்சிருக்கணும். ஓநாயைக் கை காட்டலாம்னா அதுவும் இல்ல. பொறுப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ஒரு பேரு வேணும்."

அன்று வீட்டில் அவள் சோற்றைப் பிசைந்துவிட்டுத் தின்னாமல் எழுந்துவிட்டாள். அவளுடைய கணவன் பஸ் பணிமனையில் மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ் போகாத மனிதன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவளெதிரே உட்கார்ந்தான்.

"என்னதான் ஆச்சு உனக்கு?"

சொன்னாள்.

"உன் பேரை எழுதினா என்ன செய்வாங்க?"

"வேலையை விட்டு எடுத்துடுவாங்க."

அவன் நெடுநேரம் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். "பிரேக் இல்லாத வண்டின்னு நான் எழுதிக் குடுப்பேன். மேனேஜரு 'ஹாரன் நல்லா இருக்கு'ன்னு எழுதி ரோட்டுக்கு அனுப்புவான். ரெண்டு தடவை சாவியை எடுத்து ஒளிச்சு வச்சிருக்கேன்" என்றான். பிறகு, "எழுதணும்னா எழுது. பாத்துக்கலாம்" என்றான்.

மறுநாள் அவள் படிவத்தை வாங்கினாள். குறைந்த மான்கள்: தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு. பொறுப்பு என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள்.

தலைமையகத்திலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார். மெலிந்த, ஒழுங்கான மனிதர். பென்சிலைச் சீவிய பிறகுதான் வணக்கமே சொன்னார். இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்தார். அதிகாரி படிவத்தைத் திருப்பி வைத்து விளக்கினார்.

"மான்கள் குறைந்த விதம். அ, விற்பனை. ஆ, கடத்தல். இ, கவனக்குறைவால் இறப்பு. ஈ, உட்கொள்ளல். ஒண்ணுல டிக் பண்ணணும்மா."

"எதுக்கு என்ன காட்டணும் சார்?"

"அ, ஆ ரெண்டும் போலீசுக்குப் போகும். வாங்கினவன், வண்டி, எல்லாம் புடிக்கணும். மூணு நாலு வருஷம் ஆகும். இ-க்கு சடலம் காட்டணும், தொள்ளாயிரத்து நாப்பத்திரண்டும்."

"ஈ-க்கு?"

"ஈ-க்கு ஒண்ணும் காட்ட வேண்டாம். சாப்பிட்டாச்சுன்னா எப்படிக் காட்டுறது? அன்னைக்கே கோப்பை மூடிடலாம்."

வேட்டை தொடங்கும் முதல் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. சல்லடையக்கா 'ஈ'யில் டிக் செய்தாள்.

அதிகாரி பென்சிலால் ஓரத்தில் வகுத்தார். "பதினொரு மாசத்துல தொள்ளாயிரத்து நாப்பத்திரண்டு. நாளைக்குக் கிட்டத்தட்ட மூணு. தனியாவா?"

"ஆமாங்க."

"குடும்பத்துல வேற யாரும்?"

"வீட்டுக்காரருக்கு மான் ஒத்துக்காது."

"காரணம்?"

அவள் யோசித்தாள். "பசி சார்."

'பசி' என்று அதிகாரி எழுதிக்கொண்டார். அதை நம்பினாரா என்பதை அவர் முகத்திலிருந்து சொல்ல முடியாது. நம்புவதற்குப் படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை. இயக்குநருக்கோ அப்பாடா என்றிருந்தது. "எனக்கு அப்பவே சந்தேகம் சார். பதினெட்டு வருஷமா ஓநாய் என்ன தின்னுதுன்னே பாத்துட்டிருந்தவங்க. பழக்கதோஷம் வரத்தானே செய்யும்!" என்றார். நல்ல வார்த்தையாக இருக்கிறதே என்று அதிகாரி அதையும் எழுதினார்.

கையெழுத்திடும் முன் சல்லடையக்கா நிமிர்ந்தாள்.

"சார், அதுக்கு முந்தின வருஷம் காணாமப் போன எண்ணூத்து அம்பத்து மூணும் நான்தான் சாப்பிட்டேன். ஓநாய் இல்ல. அதையும் சேத்து எழுதிக்கங்க."

பென்சில் காகிதத்தைத் தொட்டது. இயக்குநர் பாய்ந்து அதிகாரியின் கையைப் பிடித்தார்.

"அது முடிஞ்ச கோப்பு! முடிஞ்ச கோப்பைத் திறக்க முடியாது!"

"உண்மையைத்தானே சார் சொல்றேன்?"

"அதுல பதினாலு ஓநாய் கையெழுத்து ஆயிடுச்சும்மா!" என்றார் இயக்குநர். தாம் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை. வியர்த்த நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி பென்சிலைப் பெட்டிக்குள் வைத்தார். விதிப்படி இயக்குநர் சொன்னது சரிதான். சல்லடையக்கா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் உத்தரவு வீட்டுக்கு வந்தது. இரண்டு பக்கம். முதல் பக்கத்தில், மான்களின் எண்ணிக்கைக்குப் பெருங்கேடு விளைவித்த குற்றத்துக்காக அவளைப் பணிநீக்கம் செய்திருந்தார்கள். சரணாலய எல்லைக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் அவள் நடமாடக் கூடாது. கண்டவர்கள் துறைக்குத் தகவல் தர வேண்டும். அவள் முதல் பக்கத்தை ஒதுக்கிவிட்டு இரண்டாவதைத்தான் முதலில் படித்தாள். மான்களின் தொகை நூற்றுத் தொண்ணூற்றெட்டு எனத் திருத்தப்படுகிறது. உபரி ஏதும் இல்லாததால் வேட்டை அனுமதிகள் அனைத்தும் ரத்து.

கணவன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். "ஜெயிச்சுட்டியா, தோத்துட்டியா? எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றான்.

"நாளைக்குக் காலைல அலாரம் வைக்க வேண்டாம்" என்றாள் அவள்.

முதல் தேதி காலையில், ரத்துச் செய்தி எட்டாத வேட்டைக்காரர்கள் நான்கு பேர் பெரிய காரில் சரணாலய வாசலுக்கு வந்தார்கள். பழைய காவலர்தான் பணியில் இருந்தார். தடுப்புக் கம்பத்தை அவர் தூக்கவில்லை. பக்கத்தில் துறை புதிதாக நட்டிருந்த பலகையைக் காட்டினார். அதில் அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய சல்லடையக்காவின் படமும், கீழே சிவப்பு எழுத்தில் 'எச்சரிக்கை'யும் இருந்தன.

முன் இருக்கையில் இருந்தவர் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினார். "என்னய்யா இது? இது என்ன சாப்பிடும்?"

"மான் சார். நாளைக்கு மூணு" என்றார் காவலர், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

"இன்னும் பிடிக்கலையா?"

"வெளியிலதான் இருக்கு."

அவர் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையை உள்ளே இழுத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வண்டியைத் திருப்பச் சொன்னார்.